அரைநிலாவில் ஒளிந்த பிழை

ஜான் வாரன் எழுதிய ‘காலசங்கலிதம்’ 1825இல் சென்னையில் அச்சானது. தென்னாட்டுப் பஞ்சாங்க முறைகளை ஐரோப்பியருக்கு விளக்கப் புறப்பட்ட தடித்த புத்தகம். வாரன் பிரெஞ்சுக்காரராகப் பிறந்து ஆங்கிலேயர் படையில் சேர்ந்தவர். சென்னை வானாய்வுக் கூடத்தைச் சில ஆண்டுகள் பொறுப்பில் வைத்திருந்தவர். அவருக்குப் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் கிடைத்தார். சந்திர கிரகணத்தை எப்படிக் கணிப்பது என்று அந்த மனிதர் தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும் செய்து காட்டினார். தேவையான அட்டவணைகள் எல்லாம் சொற்றொடர்களாக அவர் மனப்பாடத்தில் இருந்தன. 1825 மே 31 இரவு நிகழ்ந்த கிரகணத்துக்கு அவர் சொன்ன நேரங்களில் தொடக்கம் 4 நிமிடம் பிசகியது, நடுவேளை 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். சித்தாந்த வானியலின் தத்துவம் இவருக்கு ஒன்றும் தெரியாது, அபாரமான ஞாபகசக்தி மட்டும் உண்டு என்றும் வாரன் எழுதிவைத்தார்.

இந்தச் செய்தியைப் படிக்கிற தமிழர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். முதல் வகையினர் 52 நிமிடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் வகையினர் உடனே இன்னொரு பிரெஞ்சுக்காரரைச் சாட்சிக்கு அழைப்பார்கள். வெள்ளி கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்து, 1769இல் அந்த நேரம் பார்த்து மேகம் கவிந்து ஏமாந்துபோன லெ ஜாந்தீல்தான் அவர். உள்ளூர்த் தமிழர்களிடம் அவரும் கிரகணக் கணக்குக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகச் சொன்னது. அன்றைய ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மாயருடையது 68 விநாடி கூடுதலாகச் சொன்னது. நம் மேடைகளில் 41 விநாடி அடிக்கடி வரும், 52 நிமிடம் வராது. ஒரே ஒரு கிரகணத்தை வைத்து எந்தக் கணக்கையும் மெச்சவும் கூடாது, தள்ளவும் கூடாது. இரண்டு பிழைகள் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அழித்துவிட்டால் பிழையான கணக்கும் சரியான விடை தரும்.

என் அக்கறை அந்தச் சோழிக் கணக்கு எதைப் பிடித்தது, எதை விட்டது என்பதில். அதற்குச் சந்திரன் ஓடும் ஓட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது, சந்திரன் பூமியைச் சுற்றுகிறது என்று பள்ளியில் படித்துவிட்டு, ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டத்தை வரைந்து மனதில் மாட்டிக்கொள்கிறோம். அந்தப் படம் பாதி பொய். சந்திரனைச் சூரியன் இழுக்கும் விசை, பூமி இழுக்கும் விசையைப் போல இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் அதிகம். பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடுகிறது. சந்திரன் பூமியைச் சுற்றும் வேகமோ விநாடிக்கு 1 கிலோமீட்டர்தான். ஆகவே சந்திரன் எங்கேயும் பின்னோக்கித் திரும்பிச் சுருள் போடுவதில்லை. ஒரே சாலையில் போகும் இரண்டு பேருந்துகள் ஒன்றையொன்று முந்தியும் பிந்தியும் தடம் மாற்றியும் போவதைப் போலத்தான் பூமியும் சந்திரனும் சூரியனைச் சுற்றிவருகின்றன. சந்திரனின் பாதையைச் சூரியனை மையமாக வைத்து வரைந்தால், அது எந்த இடத்திலும் சூரியனை நோக்கி வளைந்தே இருக்கும்.

ஒரு சிறு உருண்டை. அதன் மேல் இரண்டு எசமானர்கள். இருவரும் இருக்கும் திசையும் தூரமும் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பூமியிலிருந்து சந்திரன் சுமார் 3,56,500 கிலோமீட்டர் வரை நெருங்கும், 4,06,700 கிலோமீட்டர் வரை விலகும். நெருங்கும்போது விரைவாகவும் விலகும்போது மெதுவாகவும் ஓடும். இந்த நீள்வட்டமாவது ஒரே இடத்தில் நிற்குமா என்றால் இல்லை. சந்திரன் மிகத் தொலைவில் இருக்கும் உச்சப் புள்ளி 8.85 ஆண்டுகளில் வானத்தை ஒரு முறை சுற்றிவந்துவிடுகிறது. சூரியன் போகும் தளத்துக்குச் சந்திரனின் தளம் 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள்தாம் ராகுவும் கேதுவும். அவை எதிர்த்திசையில் 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்று வருகின்றன. அமாவாசைக்கு அமாவாசை 29.53 நாள், நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் 27.32 நாள், உச்சத்துக்கு உச்சம் 27.55 நாள், ராகுவுக்கு ராகு 27.21 நாள். மாதம் என்று ஒன்று இல்லை, நான்கு இருக்கின்றன.

இந்த நான்கில் உச்ச மாதத்தை எடுத்துக்கொண்டார்கள், புதுச்சேரிக்காரரைப் போலச் சொற்றொடர்களை வைத்துக் கணித்த வாக்கியக்காரர்கள். 27.5546 நாளை 9ஆல் பெருக்கிப் பாருங்கள், 247.99 வருகிறது. அதாவது 248 நாளுக்கு ஒரு முறை சந்திரன் தன் வேகத்தின் முழு ஏற்ற இறக்கத்தையும் ஏறக்குறைய அப்படியே திருப்பி நடத்துகிறது. அப்படியானால் 248 நாளுக்கும் ஒவ்வொரு சொற்றொடர் செய்துவைத்தால் போதும். எழுத்துக்கு ஓர் எண் என்ற கடபயாதி முறையில், படிக்கும்போது பொருள் தரும் சின்னச் சின்ன வடமொழித் தொடர்கள் அமைத்தார்கள். வரருசியின் பெயரில் வழங்கும் வாக்கியங்கள் இவை. முதல் வாக்கியத்தின் எண் 12 பாகை 3 கலை (60 கலை ஒரு பாகை). உச்சத்திலிருந்து புறப்பட்ட சந்திரன் முதல் நாளில் நகர்ந்திருக்கும் தூரம் அது. இரண்டாவது வாக்கியம் 24 பாகை 9 கலை. கழித்தால் இரண்டாம் நாளின் நகர்வு 12 பாகை 6 கலை என்று தெரிகிறது. வேகம் மெல்லக் கூடத் தொடங்கிவிட்டது. கடைசி வாக்கியம் 27 பாகை 44 கலை. 248 நாளில் சந்திரன் 9 சுற்று முடித்துவிட்டு அதற்கு மேல் போயிருக்கும் மிச்சம் அது. இன்றைய சராசரி வேகத்தைப் போட்டுப் பெருக்கினால் 27 பாகை 44 கலைக்குச் சற்றே மேல் வருகிறது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு கலைகூட வித்தியாசம் இல்லை.

9 உச்ச மாதத்தில் வரும் சிறு பிசிறு நாளடைவில் பெரிதாகாமல் இருக்க இன்னும் பெரிய சுற்றுகளையும் வைத்திருந்தார்கள். 3,031 நாளுக்கு 110 உச்ச மாதம், 12,372 நாளுக்கு 449. கலியுகம் தொடங்கியதிலிருந்து கடந்த நாட்களின் தொகையை இந்த எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே வந்தால் கடைசியில் 248க்குள் ஒரு மீதி நிற்கும். அந்த எண்ணுக்குரிய வாக்கியத்தை நினைவிலிருந்து எடுக்க வேண்டியதுதான். சைன் வேண்டாம், கோணக் கணிதம் வேண்டாம். கூட்டலும் கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், சோழிகள் போதும். புதுச்சேரிக்காரருக்குத் தத்துவம் தெரியவில்லை என்று வாரன் எழுதியதில் ஒரு குறைகூறல் இருக்கிறது. தத்துவம் தெரியாதவர் கையிலும் வேலை செய்யும்படி ஒரு கணக்கை வடித்துக் கொடுப்பதுதான் வாக்கியத்தின் நோக்கமே. கைப்பேசிச் செயலியில் திதி பார்க்கிறவருக்கும் தத்துவம் தெரியாது.

248 நாள் சுற்று தமிழகத்தில் பிறந்ததல்ல. கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கபவர் 1952இல் தமிழ் வானியல் பற்றி எழுதிய கட்டுரையில் வாரனின் புதுச்சேரிக்காரரை எடுத்துக்கொண்டு, இதே சுற்று எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ்களிலும் அதற்கு முன் பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இருப்பதைத் தொடர்புபடுத்திக் காட்டினார். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு மரபு கடைசியில் புதுச்சேரித் தரையில் சோழிகளாக உயிரோடு இருந்தது என்பதுதான் அவரை ஈர்த்தது. இதைக் கேட்டு இங்கே சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு இது பெருமையாகவே படுகிறது. பாபிலோனில் அணைந்த அடுப்பு இங்கே எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

இனிப் பிழைக்கு வருவோம். சந்திரனின் வேகம் ஏறி இறங்குவதால், அது சராசரியாக இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும். நீள்வட்டத்தால் மட்டும் வரும் விலகல் அதிகபட்சம் 6.29 பாகை. இதோடு சூரியனின் குறுக்கீடு ஒன்று சேர்கிறது. உச்சப் புள்ளி சூரியனைப் பார்த்து எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப நீள்வட்டத்தைச் சூரியன் நீட்டியும் அமுக்கியும் விடுகிறது. அதன் அளவு 1.27 பாகை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இந்த 1.27 கழிந்து, மொத்த விலகல் 5.02 பாகையாகக் குறைகிறது. அரைநிலா நாளில் அதே 1.27 கூடி 7.56 ஆகிவிடுகிறது.

வாக்கியங்களுக்குள் இருக்கும் விலகல் எவ்வளவு? ஏறக்குறைய 5 பாகை. சூரிய சித்தாந்தத்திலும் அதுவேதான்.

எனவே வாக்கியக் கணக்கு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை. கிரகணம் விழக்கூடிய நாட்கள் அவை இரண்டே. சந்திர கிரகணத்தின்போது சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கிறது என்பதை வானமே சொல்லிவிடுகிறது, எந்தக் கருவியும் வேண்டாம். கணக்குத் தப்பினால் ஊரே பார்த்துவிடும். பஞ்சாங்கக்காரருக்கு அன்றைக்குத்தான் பரீட்சை. ஆகையால் அந்த நாளுக்கு ஏற்றபடி கணக்கைச் சீர்செய்தார்கள், சீராகவும் வந்தது. 1825இல் நடுவேளை 23 நிமிடம் தப்பியது என்றால் வானத்தில் பாகையில் ஐந்தில் ஒரு பங்குதான். அரைநிலாவில் நிலைமை வேறு. 7.56இல் 5.02ஐக் கழித்தால் மீதி இரண்டரைப் பாகை. சந்திரன் சூரியனை விட்டு விலகும் வேகம் மணிக்கு அரைப் பாகை. ஆக, வாக்கியப் பஞ்சாங்கம் சொல்லும் அஷ்டமி உண்மையான அஷ்டமிக்கு 5 மணி நேரம் வரை முன்னே பின்னே போகலாம். ஏகாதசியும் தப்பவில்லை, அங்கே சூரியனின் இன்னொரு குறுக்கீடும் சேர்ந்துகொள்கிறது.

ஐந்து மணி நேரப் பிழை எப்படி இத்தனை நூற்றாண்டு பிடிபடாமல் இருந்தது? யாரும் பார்க்க முடியாத இடத்தில் இருந்ததால்தான். அஷ்டமியின் நட்டநடுவில் நிலா சரிபாதி ஒளிர்கிறது, ஒளிக்கும் இருளுக்கும் நடுவிலுள்ள கோடு நேர்கோடாக இருக்கிறது. அதற்கு ஐந்து மணி முன்னே அந்தக் கோடு எவ்வளவு வளைந்திருக்கும்? நிலாவின் ஆரத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த நேர்கோட்டில் ஏமாந்தவர்கள் வாக்கியக்காரர்கள் மட்டுமல்ல. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சாமோஸ் தீவின் அரிஸ்டார்க்கஸ், நிலா சரிபாதியாக இருக்கும் கணத்தில் சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவிலுள்ள கோணம் தெரிந்தால் சூரியன் எவ்வளவு தொலைவு என்று சொல்லிவிடலாம் என்று கண்டுபிடித்தார். வழி அப்பழுக்கற்றது. அவர் எடுத்துக்கொண்ட கோணம் 87 பாகை; உண்மை 90க்கு 9 கலைதான் குறைவு. விளைவு, நிலாவைப் போல 18 முதல் 20 மடங்கு தொலைவில் சூரியன் இருப்பதாக அவருக்கு வந்தது. உண்மையில் ஏறத்தாழ 390 மடங்கு. அவர் தவறியது மூன்று பாகைக்குக் கொஞ்சம் குறைவு, வாக்கியம் தவறுவது இரண்டரைப் பாகை. இரண்டும் ஒளிந்துகொண்டது ஒரே இடத்தில்.

ஆனால் அரைநிலாவைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தாலமி, தனக்கு முந்தைய ஹிப்பார்க்கஸின் கணக்கு கிரகணத்தில் ஒத்துவருவதையும் அரைநிலாவில் ஒத்துவராததையும் கருவி வைத்து அளந்து, அந்த 1.27 பாகையைக் கணக்கில் சேர்த்தார். இந்தியாவில் 932இல் முஞ்சாளர் லகுமானசம் என்ற நூலில் அதைச் சேர்த்தார். கேரளத்துப் பரமேசுவரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்துவந்து, பழைய எண்கள் வானத்தோடு ஒட்டவில்லை என்று கண்டு, 1431இல் திருக்கணித நூலை எழுதினார். பார்த்துத் திருத்துவது வெளிநாட்டிலிருந்து வந்த வழக்கம் என்பவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள்.

ஐரோப்பியருக்கும் சந்திரன் சுலபத்தில் மசியவில்லை. ஈர்ப்பு விதியைத் தந்த நியூட்டனுக்கே உச்சப் புள்ளியின் ஓட்டம் பாதிதான் வந்தது. 1747இல் கிளெரோ என்ற பிரெஞ்சுக் கணிதர் ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டும் என்று அறிவித்தார். விட்டுப்போன சிறு உறுப்புகளையும் போட்டுப் பார்த்து 1749இல் அதைத் திரும்பப் பெற்றார். லெ ஜாந்தீல் ஒப்பிட்ட அட்டவணையைச் செய்த மாயர் இறந்துபோன பின், அந்த அட்டவணைக்குப் பரிசாகப் பிரிட்டிஷ் அரசு 1765இல் அவர் மனைவிக்கு 3,000 பவுண்டு கொடுத்தது. நிலாவின் இருப்பைச் சொல்ல 1919இல் எர்னஸ்ட் பிரவுன் வெளியிட்ட அட்டவணைகளுக்கு ஏறத்தாழ 1,500 உறுப்புகள் தேவைப்பட்டன. வாக்கியக்காரர்கள் ஒரே ஓர் உறுப்பை வைத்துக்கொண்டு கிரகணத்தை எட்டிப்பிடித்தார்கள் என்பதை இந்த 1,500க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. அதே சமயம், அந்தக் கெட்டிக்காரத்தனம் எங்கே முடிகிறது என்பதும்.

சென்னை வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி இந்த எல்லையை நன்றாக அறிந்திருந்தார். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை ஹைதராபாத் நிஜாமின் ஆட்சிப்பகுதியிலிருந்த வனபர்த்திக்குப் போய்ப் பார்த்தவர், மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். வானத்தோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கத்தை அச்சிட்டு வெளியிட்டு, பஞ்சாங்கத்தைத் திருத்தச் சொல்லித் தன் சமூகத்தாரிடம் வாதாடினார். ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. வாதம் முடியவில்லை.

இன்று தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பழைய வாக்கியம், வானத்தோடு ஒத்துப்போகும் திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்களும் அச்சாகின்றன. வாக்கிய மரபில் ஒரு திதி 65 நாழிகைக்கு மேல் நீளாது, 54க்குக் கீழே சுருங்காது. வானத்தில் நடக்கும் உண்மையான திதியோ ஏறத்தாழ 67 நாழிகை வரை நீளும், 50 வரை சுருங்கும். இதனால் சில ஆண்டுகளில் கோகுலாஷ்டமியும் ஏகாதசி விரதமும் ஒரு வீட்டில் ஒரு நாள், அடுத்த வீட்டில் மறுநாள் என்று பிரிகின்றன. சூரியனிலும் வித்தியாசம் உண்டு: வாக்கிய ஆண்டு 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி, நட்சத்திரத்தை வைத்து அளந்தால் 6 மணி 9 நிமிடம் 10 விநாடிதான். இலங்கைப் பத்திரிகைகள் சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை இரண்டாகப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சனிப்பெயர்ச்சியோ ஊரறிந்த கூத்து: திருக்கணிதத்தில் 2023 ஜனவரி 17, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றுக் கோயிலில் டிசம்பர் 20. சனிபகவான் பதினொரு மாதம் இரண்டு வீட்டில் குடியிருந்தார்.

கோயில் தன் வழக்கத்தை வைத்துக்கொள்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. திருவிழா என்றைக்கு என்பதை ஊர் கூடித் தீர்மானிக்கலாம். நிலா எங்கே நிற்கிறது என்பதை அப்படித் தீர்மானிக்க முடியாது. எனக்கு உறுத்துவது வேறொன்று. வாக்கியப் பஞ்சாங்கங்கள் பலவற்றில் கிரகண நேரம் மட்டும் திருக்கணிதத்திலிருந்து எடுத்துப் போடப்படுகிறது. ஊர் பார்த்துவிடும் நாளில் வானத்துக்கு இணங்கிப்போய்விட்டு, யாரும் சரிபார்க்க முடியாத அஷ்டமியில் மட்டும் மரபு பேசுவது மரபுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பழைய வாக்கியக்காரர்களுக்குச் சரிபார்க்க முடிந்ததெல்லாம் கிரகணம்தான். அதில் அவர்கள் நேர்மையாகச் சரிபார்த்தார்கள். இன்றைக்கு அரைநிலாவையும் சரிபார்க்க முடிகிறது.

ஆகவே பஞ்சாங்கம் அச்சிடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாக்கியத்தை விட வேண்டாம். வாக்கியத் திதி முடியும் நாழிகைக்குப் பக்கத்தில், அதே வரியில், திருக்கணிதத் திதி முடியும் நாழிகையையும் போடுங்கள். கிரகணத்துக்குச் செய்வதை எல்லா நாளுக்கும் செய்தால் போதும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இரண்டு எண்களும் நெருங்கி நிற்பதையும், அஷ்டமியை ஒட்டி விலகிப்போவதையும் வாங்குகிறவர் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்.